எம்டனுக்கு என்ன நிறம் அடிப்பது?

கேள்வி, 9 ஆகஸ்ட் 2023

ரெவெல் கம்பெனியின் எம்டன் கிட் வாங்கி வைத்திருக்கிறேன், ஜெர்மன் போர்க்கப்பலின் 1/350 அளவு பிளாஸ்டிக் மாடல். கட்டியவர்களில் ஒருவர் வெள்ளை அடித்திருக்கிறார், இன்னொருவர் சாம்பல். 1914இல் மெட்ராஸ்மேல் குண்டு போட்ட அன்று கப்பல் எந்த நிறத்தில் இருந்தது? பெயிண்ட் எண் சொன்னால் போதும், கதை வேண்டாம்.

9 ஆகஸ்ட், இரவு

வெள்ளை. இதில் சந்தேகமே கிடையாது. அந்தக் கப்பலுக்குப் பட்டப்பெயரே ‘கிழக்கின் அன்னம்’. உடம்பெல்லாம் வெள்ளை, மூன்று புகைபோக்கியும் மங்கிய மஞ்சள். அதே கிட் என் வீட்டுப் பரணிலும் நாலு வருஷமாகத் தூங்குகிறது. உங்கள் கேள்வியைப் பார்த்ததும் இறக்கிவிட்டேன்.

கதை வேண்டாம் என்பவர் எம்டனை ஏன் வாங்கினீர்கள் என்றுதான் புரியவில்லை.

13 ஆகஸ்ட்

அசல் கப்பல் 118 மீட்டர் நீளம். 350ஆல் வகுத்தால் 34 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பள்ளிக்கூட ஸ்கேலைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். மாலுமி ஒருவன் 5 மில்லிமீட்டர், ஒரு பொன்னி அரிசி உயரம். கப்பலில் சுமார் 360 பேர் இருந்தார்கள். நான் முப்பது பேரை ஏற்றுவதாக இருக்கிறேன். மற்றவர்கள் கீழே கரி அள்ளிக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வேலை கழுவுவது. அச்சிலிருந்து பிளாஸ்டிக் சுலபமாகக் கழன்று வருவதற்குப் பூசிய எண்ணெய்ப் பசை உதிரிகள்மேல் ஒட்டியிருக்கலாம். அதன்மேல் அடிக்கும் பெயிண்ட் பிறகு டேப்போடு உரிந்து வரும். பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் போதும். உதிரிகளைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டமான ஸ்ப்ரூவிலிருந்து வெட்டுவதற்கு முன்பே, சட்டத்தோடு சட்டமாகக் கழுவுங்கள். நான் வெட்டிவிட்டுக் கழுவினேன். நங்கூரம் ஒன்று சிங்க்கில் இறங்கிப் போய்விட்டது. இப்போது டீ வடிகட்டியில் போட்டுக் கழுவுகிறேன். வீட்டில் டீ வடிகட்டியைக் காணவில்லை என்று தேடுகிறார்கள்.

17 ஆகஸ்ட்

உடலின் இரண்டு பாதியும் ஒட்டியாயிற்று. புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று: மாடல் சிமென்ட் என்பது பசையில்லை. அது பாலிஸ்டைரீனைக் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக உருக்கிச் சேர்க்கிறது. அதனால் பெயிண்ட் அடித்த இடத்தில் பிடிக்காது, சுரண்டிவிட்டு ஒட்ட வேண்டும். உலோகத்தையும் ரெசினையும் ஒட்டாது, அதற்கு சூப்பர் க்ளூ. கைப்பிடிக் கம்பிகளெல்லாம் மெல்லிய பித்தளைத் தகடு, ஆகவே சூப்பர் க்ளூதான். ஈரக் காற்றில் சூப்பர் க்ளூ வேகமாக இறுகும். சென்னையில் அது நினைத்துப் பார்ப்பதற்குள் இறுகிவிடுகிறது. நேற்று என் கட்டைவிரலும் இரண்டு அங்குலக் கைப்பிடிக் கம்பியும் கொஞ்ச நேரம் ஒரே பொருளாக இருந்தன.

முன்பக்கச் சேர்ப்பில் இடைவெளி. பட்டி வைத்து, 600, 1000 என்று வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்தேன்.

20 ஆகஸ்ட்

சாம்பல் பிரைமர். அதன்மேல் வெள்ளை. வெள்ளையைவிடப் பாடாய்ப் படுத்தும் நிறம் இல்லை. ஒரு கோட் அடித்தால் மூடாது. தடியாக அடித்தால் ஓரங்களில் தேங்கிச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகும். மெல்லியதாக ஐந்து கோட். ஒவ்வொன்றுக்கும் நடுவே காத்திருப்பு. இடது பக்கம் முடிந்தது. அழகாகவே இருக்கிறது, அன்னம்தான்.

26 ஆகஸ்ட்

9ஆம் தேதி நான் எழுதியது தப்பு. அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

வெள்ளையும் மஞ்சளும் அமைதிக்கால உடுப்பு. கீழை நாட்டுக் கடல்களில் நின்ற ஜெர்மன் படைக் கப்பல்களெல்லாம் வெயிலுக்காக அப்படி இருந்தன. 1914இல் போர் என்றதும் எம்டன் சாம்பல் பூசிக்கொண்டது. வணிகக் கப்பல்களை வேட்டையாடத் தனியாக வங்காள விரிகுடாவுக்குள் நுழைகிறவன் வெள்ளைச் சட்டையா போட்டுக்கொண்டு வருவான்? கொஞ்சம் யோசித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். பட்டப்பெயரைக் கேட்டதும் யோசிப்பதை நிறுத்திவிட்டேன்.

ஆகவே பதில்: சாம்பல். ஐந்து கோட் வெள்ளை எனக்கு, உங்களுக்கு நஷ்டமில்லை.

26 ஆகஸ்ட், சற்றுப் பிறகு

உரித்தெடுக்கலாமா என்று பார்த்தேன். அப்புறம் தோன்றியது: அசல் கப்பலிலும் சாம்பலுக்கு அடியில் வெள்ளைதானே இருந்திருக்கும். அப்படியே விட்டு, மேலே சாம்பலை மெல்லியதாக அடித்து, உராய்ந்த இடங்களில் வெள்ளை எட்டிப் பார்க்கும்படி வைக்கலாம். தப்பைத் திட்டமாக மாற்றுவதில் எனக்குப் பழக்கம் உண்டு. வலது பக்கத்துக்கும் இப்போது வெள்ளை அடிக்க வேண்டும். மூன்று கோட்டோடு நிறுத்திக்கொள்வேன்.

3 செப்டம்பர்

ஒருவர் பழைய புகைப்படம் ஒன்றைக் காட்டி, “புகைபோக்கி கறுப்பாக இருக்கிறது பாருங்கள், மஞ்சள் என்பது கட்டுக்கதை” என்கிறார். கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்து நிறம் சொல்வதில் பெரிய குழி ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் பரவலாக இருந்த ஆர்த்தோகுரோமாட்டிக் புகைப்படத் தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கறுப்பாக விழும், காவியும் மஞ்சளும் இருண்டுபோகும், நீலம் வெளுத்துவிடும். வானம் வெள்ளைவெளேரென்று இருப்பது அதனால்தான். பழைய படங்களில் தாத்தா பாட்டிகளின் உதடும் முகமும் உண்மையைவிடக் கறுத்திருப்பதற்கும் இதுவே ஒரு காரணம். எங்கள் பாட்டி, “நான் அவ்வளவு கறுப்பு இல்லைடா” என்று சாகும்வரை சொன்னாள். நாங்கள் நம்பவில்லை.

படத்திலிருந்து எது அடர்த்தி, எது வெளிர் என்று ஒப்பிடலாம். அதையும் ஒரே படத்துக்குள் மட்டும்.

10 செப்டம்பர்

பெயிண்ட் எண் கேட்டவர் மறுபடி கேட்கிறார். சரி, எண் ஏன் சொல்லவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

1/350 மாடலை ஒரு அடி தள்ளிவைத்துப் பார்ப்பது, அசல் கப்பலை 350 அடி தள்ளி நின்று பார்ப்பது மாதிரி. தூரத்தில் எந்த நிறமும் காற்றில் கரைந்து வெளுக்கும். மலை தொலைவில் நீலமாகத் தெரிவதும் அப்படித்தான். கப்பல்துறைக் கிடங்கிலிருந்து அதே சாம்பல் டப்பாவை யாரோ கொண்டுவந்து கொடுத்தாலும், அதை அப்படியே மாடலில் அடித்தால் பொம்மை மாதிரிக் கனத்து உட்காரும். சின்ன ஸ்கேலுக்கு வெளுக்க வைத்தே ஆக வேண்டும். எவ்வளவு என்பதற்குச் சதவீதக் கணக்கு போடுகிறவர்கள் உண்டு. நான் போடுவதில்லை. ஒரு பழைய டப்பா மூடியில் அடித்து, ஜன்னலில் வைத்து, அறையின் மறுகோடியிலிருந்து பார்க்கிறேன். என் ட்யூப்லைட்டுக்குக் கீழே சரியாக இருந்த சாம்பல், பகல் வெளிச்சத்தில் ஊதாவாக இருந்தது.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். தகடு தகடாகத் தெரியவேண்டும் என்று தகடுகளுக்கு நடுவே உள்ள கோடுகளிலெல்லாம் கறுப்பு வாஷ், அதாவது நீர்த்த பெயிண்ட், ஊற்றுவதை நிறுத்துங்கள். 0.2 மில்லிமீட்டர் கோடு இந்த ஸ்கேலில் 7 சென்டிமீட்டர். 7 சென்டிமீட்டர் விரிசலோடு எந்தக் கப்பலும் மிதக்காது.

11 செப்டம்பர்

நேற்று எழுதியது கொஞ்சம் காட்டமாகிவிட்டது. வாஷே வேண்டாம் என்று சொல்லவில்லை. அடிநிறத்தைவிட ஒரு படி மட்டும் இருண்ட சாம்பலை ஊற்றுங்கள், கறுப்பு வேண்டாம். பார்வையாளர் ஒரு அடி தூரத்தில் நிற்கிறார், அவருக்குக் கண்ணில் பிடிக்க ஏதாவது வேண்டும் என்று கோவை நண்பர் சொல்வதும் நியாயம்தான். அவர் சின்னச் சிப்பாய் உருவங்களுக்கு வர்ணம் தீட்டுகிறவர். 28 மில்லிமீட்டர் உருவத்தின் முகத்தில் மூக்குக்கு நிழல் வரைகிற கூட்டம். அவர்கள் வெளிச்சத்தையே பெயிண்டால் வரைந்துவிடுகிறார்கள். நாங்கள் வெளிச்சம் வந்து விழட்டும் என்று காத்திருக்கிறோம். இரண்டும் வேறு வேறு சமையல்.

அவரிடமிருந்து கற்றது ஈரத்தட்டு. டிபன் டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்ச், மேலே பட்டர் பேப்பர், அதன்மேல் பெயிண்ட். சொட்டு அக்ரிலிக் சித்திரையிலும் ஒரு மணி நேரத்துக்குமேல் காயாமல் இருந்தது. மூடி வைத்தால் மறுநாளும் கிடைக்கும், மூன்றாம் நாள் பூஞ்சை மணம் வரும்.

22 செப்டம்பர்

எம்டன் மெட்ராஸ்மேல் குண்டு போட்டது 109 வருஷத்துக்கு முன்னால் இதே தேதி, இரவு ஒன்பதரை வாக்கில். சாயங்காலம் உயர் நீதிமன்றப் பக்கம் வேலை இருந்தது. அதன் நினைவாக மதிலில் பதித்த கல்லை நின்று பார்த்துவிட்டு வந்தேன். அப்போது கலங்கரை விளக்கம் நீதிமன்றக் கோபுரத்தின்மேல்தான் எரிந்தது. ஊரின் விளக்குகளும் எரிந்தன. கப்பல் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டருக்குள் நெருங்கி, தன் சர்ச்லைட்டைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைப் பார்த்து நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசிவிட்டு அரைமணிக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு பல நாள் ஜனங்கள் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடினார்கள். எமகாதகனை இன்றும் ‘அவன் ஒரு எம்டன்’ என்கிறோமே, அது அந்த அரைமணியில் வந்த சொல்.

தொட்டிகளையும் வைத்து ஒரே காட்சியாகச் செய்யலாமே என்றார் ஒருவர். மூன்று கிலோமீட்டரை 350ஆல் வகுத்தேன். எட்டரை மீட்டர். கப்பல் என் மேஜையிலும் தொட்டிகள் எதிர்வீட்டு அடுப்படியிலும் இருக்க வேண்டும்.

இன்னொருவர் மேல்தளத்தில் விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளைக்கு ஒரு சிலை வைக்கச் சொல்கிறார். அவர் எம்டனில் வந்தார் என்பது நம் ஊரில் ஆழமாக ஊறிய கதை. அவர் அப்போது ஐரோப்பாவில் இருந்தார். என் கப்பலில் இடமில்லை. அவருடைய நிஜ வேலைகளே போதுமான அளவு பெரியவை.

திரும்பி வரும் வழியில்தான் உறைத்தது. ஆகஸ்டிலிருந்து எந்தச் சாம்பல் என்று அடித்துக்கொள்கிறோம். மெட்ராஸ்காரன் ஒருவனும் அந்தக் கப்பலின் நிறத்தைப் பார்க்கவில்லை. இருட்டில் ஒரு வெளிச்சக் கற்றையையும் பீரங்கிகளின் தீயையும்தான் பார்த்தான்.

30 செப்டம்பர்

பீரங்கிகள். பத்தும் 10.5 சென்டிமீட்டர் வாய். வகுத்தால் 0.3 மில்லிமீட்டர். அந்த அளவில் ட்ரில் பிட் கிடைக்கிறது என்பது எனக்குச் சந்தோஷம், மூன்று பிட் உடைந்தது துக்கம். குழாய் நுனியில் ஊசியால் முதலில் ஒரு புள்ளி குத்திக்கொண்டு, விரல்களுக்கு நடுவே கைத்துரப்பணத்தை உருட்ட வேண்டும். அழுத்தக் கூடாது. எட்டு நேராக வந்தன. இரண்டு மூக்கு கோணியவை, அவற்றைச் சுவர்ப்பக்கம் பார்க்க வைக்கிறேன்.

கயிறுகளுக்குத் தலைமுடி. சிரிக்காதீர்கள். தலைமுடி சுமாராக 0.07 மில்லிமீட்டர், இந்த ஸ்கேலில் இரண்டரை சென்டிமீட்டர் தடிமனான கயிறு. தையல் நூலானால் தாம்புக்கயிறு மாதிரித் தெரியும், அதில் பிசிர் வேறு. மகளின் சீப்பிலிருந்து நீளமாகப் பதினெட்டு முடி எடுத்து ஒட்டினேன். கொடிக்கயிறுக்கு என் நரைமுடி. தறியில் ஏற்றிய பாவு மாதிரி விறைப்பாக நிற்கின்றன.

2 அக்டோபர்

நாலாவது புகைபோக்கி. எம்டனுக்கு மூன்றுதான். பிரிட்டிஷ் கப்பல் யார்மத் மாதிரித் தெரிவதற்காக, மரமும் கான்வாஸும் கொண்டு பொய்யாக ஒன்று கட்டி நிமிர்த்திக்கொள்வார்கள். அக்டோபர் 28 விடியலில் பினாங்குத் துறைமுகத்துக்குள் அப்படித்தான் புகுந்து ரஷ்யாவின் ஜெம்சுக் கப்பலை மூழ்கடித்தார்கள். முதலில் கட்டியது தட்டையாம். பக்கவாட்டில் பார்த்தால் புகைபோக்கி, நேரே பார்த்தால் கம்பம். பிறகுதான் உருண்டையாகத் திருத்தினார்கள். படித்ததும் அந்த ஆட்கள்மேல் எனக்குப் பெரிய பாசம் வந்துவிட்டது. அட்டையில் வெட்டி ஒட்டி, ஒரு பக்கம் சரியாக இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிற புத்தி நம்முடையது.

நானும் ஸ்ட்ராவில் கல்யாணப் பத்திரிகையின் உள்தாளைச் சுற்றி ஒன்று செய்தேன். ஒட்டவில்லை. வேண்டும்போது செருகலாம், எடுக்கலாம்.

9 அக்டோபர்

கயிறெல்லாம் தொங்கிவிட்டது.

இரண்டு நாள் மேகமூட்டம், தூறல். காலையில் பார்த்தால் பதினெட்டு முடியும் வடாம் காயப்போட்ட கொடி மாதிரித் தளர்ந்து கிடக்கின்றன. ஒட்டு எங்கும் விடவில்லை. முடியே நீண்டிருக்கிறது! ஈரம் ஏறினால் தலைமுடி நீளும். வறண்ட காற்றிலிருந்து முழு ஈரத்துக்குப் போனால் நூற்றில் இரண்டு பங்குக்கு மேல். பழைய வானிலை நிலையங்களில் காற்றின் ஈரத்தை அளக்கும் கருவிக்குள் தலைமுடியை இழுத்துக் கட்டியிருப்பார்கள். நான் கட்டியது எம்டன் இல்லை, மூன்று புகைபோக்கி வைத்த ஈரமானி.

30ஆம் தேதி ‘சிரிக்காதீர்கள்’ என்றேன். இப்போது சிரிக்கலாம்.

12 அக்டோபர்

எல்லா முடியையும் வெட்டி எறிந்துவிட்டுப் பழைய முறைக்கே வந்தேன். மீந்த ஸ்ப்ரூத் துண்டை மெழுகுவர்த்திக்கு மேலே காட்டி, நடுப்பகுதி பளபளத்துத் தொய்யும்போது சுடரிலிருந்து விலக்கி இரண்டு கையாலும் இழுத்தால் முடி மாதிரிப் பிளாஸ்டிக் நூல் வரும். வேகமாக இழுத்தால் மெல்லிசு, நிதானமாக இழுத்தால் தடி. ஒட்டிய பிறகு தொய்வு இருந்தால் ஊதுபத்தியைக் கொளுத்தி, தொடாமல், நூலுக்குக் கீழே ஒரு விரல் தள்ளிக் காட்ட வேண்டும். சட்டென்று இழுத்துக்கொண்டு விறைக்கும். ஒரு நொடி கூடினால் அறுந்துவிடும். நாலு அறுந்தது.

வீட்டில் எனக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டதாக நினைத்தார்கள்.

17 அக்டோபர்

கொலு மூன்றாம் நாள். படிகளுக்குக் கீழே பார்க் கட்டுவது எங்கள் வீட்டில் பிள்ளைகள் வேலை. மணல் பரப்பி, கேழ்வரகு தூவி முளைக்கவிட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியைப் பதித்துக் குளம். குளத்தில் இந்த வருஷம் தெப்பத்துக்குப் பதில் எம்டன். நான் கேட்கவில்லை, மகள்தான் வைத்தாள். பின்னால் பலசரக்குக் கடையோடு செட்டியார் பொம்மை. 15 சென்டிமீட்டர் செட்டியார், என் கணக்கில் 52 மீட்டர் உயரம். கப்பலைப் பார்த்து எகத்தாளமாகத்தான் உட்கார்ந்திருக்கிறார்.

இந்த மாடல் கலையெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று சொல்கிறவர்களுக்கு: ஸ்கேல் பார்க்காமல், ஆனால் காட்சி அமைக்கத் தெரிந்து, கிணறும் கல்யாண ஊர்வலமும் கிரிக்கெட் மைதானமும் கட்டிய பாட்டிகளிடம்தான் நாமெல்லாம் தொழில் கற்றோம். பஞ்சைப் பிய்த்துப் பனி பண்ணத் தெரிந்த எனக்கு, டிஷ்யூ தாளை ஃபெவிகால் தண்ணீரில் நனைத்துச் சுருக்கிக் கடல் பண்ண யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சுண்டல் வாங்க வந்த மாமிகளில் ஐந்து பேர் கேட்டது: “இது டைட்டானிக்கா?” நாலாவது புகைபோக்கியைச் செருகியதால் வந்த வினை. டைட்டானிக்கிலும் நாலாவதிலிருந்து கொதிகலன் புகை வரவில்லை, அது காற்றோட்டத்துக்குத்தான் பயன்பட்டது என்று விளக்கப் போனேன். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

25 அக்டோபர்

பொம்மைகளைப் படுக்கவைத்துப் பெட்டியில் அடைத்தாயிற்று. சேத விவரம்: பின்பக்கப் பாய்மரம் ஒரு குட்டிப் பையனின் சுட்டுவிரலுக்குப் பலி. மாலுமிகள் இருவர் மாயம். கேழ்வரகு முளை ஒன்று முன் பீரங்கியில் ஒட்டியிருந்தது. நாலாவது புகைபோக்கியைக் காணவில்லை. குப்பையோடு போயிருக்க வேண்டும்.

பாய்மரத்தைப் பித்தளைக் கம்பியில் செய்கிறேன். பிளாஸ்டிக்கை இனி நம்பப் போவதில்லை.

9 நவம்பர்

இன்று எம்டன் முடிந்த நாள். கொக்கோஸ் தீவில் தந்தி நிலையத்தை அழிக்க ஆளிறக்கியிருந்த நேரம் பார்த்து ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பல் வந்துவிட்டது. அதன் பீரங்கி பெரியது, எட்டும் தூரமும் அதிகம். கேப்டன் முல்லர் கப்பலை வடக்கு கீலிங் தீவின் பவளப் பாறையில் ஏற்றி நிறுத்தினார்.

அந்த நிலையில் கட்டுகிறவர்களும் உண்டு, கிழிந்த தகடுகளும் சாய்ந்த புகைபோக்கிகளுமாக. திறமையான வேலைதான். எனக்கு மனசு வரவில்லை. மூன்று மாதம் ஒட்டியதை உடைக்க எப்படி வரும்?

என் கப்பலை அழுக்காக்க மட்டும் செய்கிறேன். எம்டன் பிடித்த கப்பல்களிலிருந்து நடுக்கடலில் கரி ஏற்றிக்கொண்டது. இரண்டு கப்பலும் அலையில் முட்டி உரசி, பக்கங்கள் நசுங்கிப் பெயிண்ட் பெயர்ந்திருக்கும். வெள்ளை அடிக்கோட்டுக்கு வேலை வந்துவிட்டது. சாம்பலை ஈர வாட்டர் பேப்பரால் இரண்டு இழுப்பு இழுத்தேன், அன்னம் கீறல் கீறலாக எட்டிப் பார்க்கிறது. கிடங்கில் கொள்ளாமல் மேல்தளத்திலும் கரியைக் குவித்து வைத்திருந்தார்கள். அதற்கு இஸ்திரி வண்டிக்காரரிடம் ஒரு துண்டு கரி வாங்கி, சின்ன உரலில் நுணுக்கி, டீ வடிகட்டியில் சலித்தேன். 0.3 மில்லிமீட்டர் பொடி பத்து சென்டிமீட்டர் கரிக்கட்டி ஆகிறது. ஃபெவிகால் தண்ணீரைச் சொட்டு சொட்டாக விட்டால் குவியல் கலையாது.

டீ வடிகட்டி புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

30 நவம்பர்

எதையும் கேட்காதீர்கள். கப்பல் மறுபடியும் வெள்ளையாகிவிட்டது.

1 டிசம்பர்

சரி, சொல்கிறேன். எல்லாம் முடிந்து கடைசியாக மேட் வார்னிஷ், அதாவது பளபளப்பில்லாதது. டப்பா ஸ்ப்ரே. மழை விட்டு அரைமணிதான் ஆகியிருந்தது, பால்கனித் தரையில் ஈரம், எனக்கு அவசரம். அடிக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. ஐந்து நிமிஷத்தில் மேல்தளமெல்லாம் விபூதி பூசின மாதிரி வெளுத்துவிட்டது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிரவைக்கிறது. காற்றில் இருக்கிற ஈரம் குளிர்ந்த இடத்தில் படிந்து, காய்கிற வார்னிஷுக்குள் மாட்டிக்கொள்கிறது. ஐஸ் தண்ணீர் டம்ளர் வெளியே வியர்ப்பதுதான், இங்கே வியர்வை உள்ளேயே உறைந்துவிட்டது. டப்பாவின்மேல் இது எழுதியும் இருக்கிறது. ஈரத்தைப் பற்றி இத்தனை மாதம் பாடம் நடத்தியவன் நான்.

கோவை நண்பர் எழுதிய ஒரே வரி: “அப்ப ஆகஸ்ட் 9ஆம் தேதி நீங்க சொன்னது சரிதான், வெள்ளை.”

10 டிசம்பர்

புயல். மிக்ஜாம் வந்துபோன விவரம் எல்லோருக்கும் தெரியும். எங்கள் தெருவில் நாலு நாள் கரண்ட் இல்லை, கீழ்வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர். அவர்களுடைய அரிசி மூட்டையும் டிவியும் எங்கள் கூடத்தில்தான் இருந்தன, எம்டன் பீரோமேல். இங்கே எழுதுவதைப் பற்றி நினைக்கவே இல்லை.

28 டிசம்பர்

மூன்று நாளாகச் சுள்ளென்று வெயில். நடுப்பகலில், தண்ணீர் வகைப் பளபளப்பு வார்னிஷைப் பிரஷ்ஷால் வெளுத்த இடமெல்லாம் மெல்லியதாகத் தடவினேன். வெண்மை நனைந்த துணி மாதிரி உள்ளே போய்விட்டது. மறுநாள் அதன்மேல் தண்ணீர் வகை மேட், அதுவும் பிரஷ்ஷால். முக்கால்வாசி சரியாயிற்று. பின்புறத்தில் கொஞ்சம் பூத்தது அப்படியே நிற்கிறது. உப்புக்காற்று என்று சொல்லிக்கொள்கிறேன். கேட்பவர்களுக்கும் அதையே சொல்வேன்.

கொடி டீக்கால் (ஒட்டுப்படம்) பழைய ஸ்டாக்கில் மஞ்சளாகியிருந்தது. கவரில் போட்டு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி இரண்டு வாரம் வெயிலில் விட்டேன், வெளுத்து வெள்ளை திரும்பிவிட்டது. சென்னை வெயில் இந்தப் பொழுதுபோக்குக்குச் செய்த ஒரே உபகாரம்.

கேள்வி கேட்டவருக்கு, நான் அடித்த கலவை: வெள்ளை பன்னிரண்டு சொட்டு, கறுப்பு மூன்று, நீலம் ஒன்று, காவி அரை. அரைச் சொட்டு என்பது குச்சியின் முனையில் தொட்டு வைப்பது. உடலின் பக்கங்களுக்கு இன்னும் ஒரு சொட்டு கறுப்பு. எண் இதற்குக் கிடையாது.

4 ஜனவரி 2024

கேட்டவர் தன் எம்டனை முடித்துப் படம் போட்டிருக்கிறார். வெள்ளை, மஞ்சள் புகைபோக்கி. 1914 ஜனவரி நிலவரமாம். அருமையாக இருக்கிறது.

2 அக்டோபர் 2024

கொலுப் பெட்டிகளை இறக்கினோம். நாலாவது புகைபோக்கி கிடைத்துவிட்டது. செட்டியார் கடையில், பருப்புச் சட்டிக்கும் வெல்லத்துக்கும் நடுவே ஒட்டப்பட்டிருக்கிறது. போன வருஷமே மகள் செய்த வேலை. எண்ணெய் டின்னாம். வாயில் மஞ்சள் பெயிண்டால் எண்ணெய்கூட ஊற்றியிருக்கிறாள். சூப்பர் க்ளூ போட்டிருக்கிறாள், கழற்ற வராது.